ஒரு வரிகூட வரக்கூடாது

அவருக்குச் சத்தம் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குத் தூசி ஆகாது, அவருக்குச் சத்தம். காதில் கேட்கிற சத்தம் மட்டும் என்றால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிகிற சத்தமும் ஆகாது. கணினித் திரையில் யாரும் கேட்காமல் தானாக ஒரு வரி வந்து நின்றால் போதும், விருந்தாளி முன்னால் வீட்டுப் பிள்ளை ஏதோ ஏடாகூடமாகப் பேசிவிட்டதுபோல் அவர் முகம் சுருங்கிவிடும்.

நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தது கோவையில், அவினாசி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில். தறியிலிருந்து இறங்கும் துணியைக் கேமரா பார்க்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, இழை அறுந்த இடம் எதுவானாலும் கணினி கண்டுபிடித்துச் சொல்லும். அதைச் செய்து மில்களுக்குக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். நிரல் எழுதுவது பைத்தான் என்கிற கணினி மொழியில். அதற்குள் மெஷின் லேர்னிங் லைப்ரரி ஒன்றை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் மூட்டையைக் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த லைப்ரரி இருக்கிறதே, அது சரியான வாயாடி. கூப்பிட்டதும் வேலையைப் பார்க்காது. இந்த மெஷினில் கிராபிக்ஸ் கார்டு இல்லையே என்று முதலில் புலம்பும். நீ எழுதியிருக்கும் முறை அடுத்த பதிப்பில் இருக்காது, பார்த்துக்கொள் என்று மிரட்டும். பிறகு ஒவ்வொரு படத்தைப் பார்த்து முடிக்கும்போதும் முடித்துவிட்டேன், முடித்துவிட்டேன் என்று ஒரு கோடு இழுத்துக் காட்டும். இதில் பாதி சிவப்பு எழுத்தில் வரும். பழகியவர்கள் கண்டுகொள்ள மாட்டோம். தெருவில் போகிற காய்கறி வண்டியின் மைக் மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் இவர். வந்த சத்தமே இல்லை.

“ஏனுங் தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இதைச் சித்த அமத்திப்போட்டா பரவால்லைங்களா?”

நான் மின்விசிறியைச் சொல்கிறார் என்று எழுந்து போய் அதை நிறுத்திவிட்டேன். வேர்த்துக் கொட்டியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேர்வையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் விரலை மெதுவாகத் திரைப் பக்கம் நீட்டினார்.

பிறகு உட்கார்ந்து, என் நிரலின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தார். திரை துடைத்துவிட்டதுபோல் ஆனது. முந்தைய கம்பெனியில் அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன், அது கேட்டதே இல்லை, அதைத் திட்டாத நாளும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

“நீங்க கீழ எழுதியிருப்பீங்க. இதை லைப்ரரியை உள்ள கூப்படறதுக்கு முன்னாடியே சொல்லிப்போடோணுமுங்க. வந்து உக்காந்தவங்ககிட்ட பேசாதீங்கன்னு சொன்னா அவங்களும் கேக்க மாட்டாங்க, நமக்கும் மரியாதை இல்லை பாருங்க.”

லைப்ரரியை ‘அவங்க’ என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். எங்கள் பக்கத்தில் நாயைக்கூட ‘அக்கட்டால போங்க’ என்று விரட்டுகிறவர்கள் உண்டு என்றாலும் இது கொஞ்சம் அதிகம். எச்சரிக்கைகளை அமர்த்த ஒரு வழி, முன்னேற்றக் கோடுகளை நிறுத்த ஒரு வழி என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. எதற்கும் அடங்காமல் லைப்ரரியின் அடிவயிற்றிலிருந்து வருகிற சில வரிகள் உண்டு. அவற்றுக்கு, பிழைச்செய்திகள் வருகிற பாதையையே திருப்பி, ஒன்றுமே இல்லாத இடத்துக்கு அனுப்பிவிடுவார். பாழுங்கிணற்றில் குப்பை கொட்டுகிற மாதிரிதான். போனால் போனதுதான், திரும்பி வராது.

ஆளும் அப்படியே. முறுக்கைக் கடித்தால் சத்தம் வருமே, அதற்காக டீயில் ஊறவைத்துத்தான் தின்பார். ஊறின முறுக்கைத் தின்கிற மனிதனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. காலையில் ஸ்கூட்டரைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டுவந்து அங்கேதான் உதைப்பாராம், எதிர்வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிறார் என்று. அவருடைய போன் அடித்து நான் கேட்டதே இல்லை. மேசைமேல் கவிழ்ந்தபடி கிடக்கும்.

“ஏனுங்ணா, உங்க கல்யாணத்துலயாச்சும் மேளம் இருந்துச்சா, இல்ல அதையும் அமத்திப்போட்டீங்களா?” என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

“இருந்துச்சுங்க தம்பி. பொண்ணூட்டுக்காரங்க ஏற்பாடு. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?” என்றார், இன்னமும் அந்த வருத்தம் தீராதவராக.

நான் நேர் எதிர். எனக்குக் கோபம் வந்தால் மாடியில் பேசுவது கீழே பேக்கரியில் கேட்கும். டீ போடுகிறவர் அங்கிருந்தே என்னங்ணா ஆச்சு என்று குரல் கொடுப்பார். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே இன்னொன்றைப் பேச எனக்கு வராது. அதனாலேயோ என்னவோ எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதில் பாதி எரிச்சல்.

பல் விஷயத்தைச் சொன்னால் அந்த எரிச்சல் புரியும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போனவர் மறுநாள் கன்னம் வீங்கி, கண்ணெல்லாம் சிவந்து வந்து உட்கார்ந்தார். என்னங்ணா என்றால், மரத்துப்போவதற்குப் போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லையாம். டாக்டர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவர் இல்லை என்று கையை ஆட்டியிருக்கிறார்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“சின்ன வயசு டாக்டருங்க தம்பி. கை நடுங்குச்சு. வலிக்குதுன்னு சொன்னா பாவம், பயந்துபோயிருவாரு.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த டாக்டரை நேரில் போய் நான்கு கேள்வி கேட்கலாம் என்று எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். வீங்கின கன்னத்தோடு ஒரு சிரிப்பு வேறு. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த மனுசனை ஒன்றும் செய்ய முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் மனைவியை நான் பார்த்தது ஆயுத பூஜையன்று. கணினிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையைத் தட்டில் பரப்பியிருந்தோம். அவர் மனைவி ஒரு சம்புடம் நிறைய, பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு செய்துகொண்டு வந்திருந்தார். சாமி கும்பிட்டு முடிந்ததும், போலாங்களா என்று மனைவி கேட்டார். உங்களுக்குச் சௌரியப்பட்டா போலாங்க என்றார் இவர். உங்களுக்கு வேலை இருந்தா இருந்துட்டே போலாங்க என்றார் மனைவி. இவருக்கும் வேலை இல்லை, அவருக்கும் இருக்க விருப்பமில்லை. ஆனால் இரண்டு பேரும் வாசல் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார்கள். நான்தான் கடைசியில் சத்தம் போட்டு அனுப்பிவைத்தேன். போகும்போது அந்த அம்மா என் நம்பரை வாங்கிக்கொண்டார். “இவரு போனு எப்பவும் பேசாதுங்க தம்பி. ஏதாச்சும் அவசரம்னா உங்களைக் கூப்படறேன், தொந்தரவா நெனச்சுக்காதீங்க.”

இனி கருமத்தம்பட்டி மில் கதைக்கு வருகிறேன். சொல்லாமல் முடியாது.

அது எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய மில். முதலாளி வயதானவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எங்கள் எம்.டி., இவர், நான் மூன்று பேரும் போய்க் கேமராவை மாட்டி ஓட்டிக் காட்டினோம். துணி சோதிக்கிற மேசையைச் சுற்றி மில்லே கூடி நின்றது. இவர் எல்லாவற்றையும் அமர்த்தித்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த மில் கணினியில் ஏதோ ஒன்று வேறு மாதிரி இருந்து, நிரலை ஓட்டியதும் சிவப்பு வரிகள் சரசரவென்று வந்துவிட்டன. வேலை ஒன்றும் கெடவில்லை. துணியில் இருந்த ஓட்டையைச் சரியாகத்தான் காட்டியது. ஆனால் பெரியவர் கண் ஓட்டையில் இல்லை.

“ஏனுங்க, மெஷினு ஏதோ சொல்லுதுங்களே. என்னன்னு கேளுங்க, பாவம்.”

எல்லாரும் சிரித்தார்கள். எம்.டி. சிரித்தார், ஆனால் காதுமடல் சிவந்துவிட்டது. இவர் தலையே நிமிரவில்லை.

திரும்பி வரும்போது எம்.டி.யே காரை ஓட்டினார். பக்கத்தில் நான், பின்சீட்டில் இவர். எம்.டி. சொன்னது எனக்கு இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “இனிமே அந்தத் திரைல ஒரு வரிகூட வரக்கூடாதுங்க. நல்ல துணின்னா பச்சை, கெட்டதுன்னா செவப்பு. இது ரெண்டுதான் தெரியோணும். மத்தது எது வந்தாலும் அடைச்சுப்போடுங்க.”

“சரிங் சார்,” என்றார் இவர். கொஞ்சம் தூரம் போனபிறகு, “எல்லாத்தையும் தனியா ஒரு பைல்ல எழுதி வெச்சுக்கலாங்களா சார், நாம மட்டும் அப்பப்பப் பாத்துக்கற மாதிரி?” என்று கேட்டார். அவர் கேட்டதே ஆச்சரியம்.

“அதெல்லாம் வேண்டாம். அவங்க ஆளு எவனாச்சும் அதைத் தொறந்து பாத்துப்போட்டு எரர் எரர்னு போன் அடிப்பான்.”

“சரிங் சார்.”

இவ்வளவுதான் நடந்தது. சொன்ன வேலையை இவரைவிட நன்றாகச் செய்ய இந்த ஊரில் ஆளில்லை. எல்லா வழியையும் அடைத்தார். அடுத்த முறை போனபோது கறுப்புத் திரை, நடுவில் ஒரு பச்சைப் பொட்டு. வேறு ஒரு எழுத்து இல்லை. பெரியவர் பார்த்துவிட்டு, இப்ப நல்லாப் படிஞ்சுருச்சுங்க என்றார், முரட்டு மாடு வண்டிக்குப் பழகிவிட்ட மாதிரி.

சில மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு அந்த மில் கணினி ஒருநாள் படுத்துவிட்டது. அவர்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். எங்களைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு விசாரித்தால், உங்களுக்கு எதுக்குங்க சிரமம்னுதான் என்றார்கள். இந்த ஊரே இப்படித்தான், யாரைத் திட்டுவது. கடைக்காரர் எங்கள் நிரலை அப்படியே திரும்ப எடுத்துவைத்து, லைப்ரரியை மட்டும் புதிய பதிப்பாகப் போட்டுவிட்டார். கறை எது, ஓட்டை எது என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்து வைத்திருந்த எங்கள் மாடல் பழைய பதிப்பில் உண்டாக்கியது. பழசைப் புதுசில் ஓட்டினால் அந்த லைப்ரரி ஒழுங்காக ஒரு எச்சரிக்கை தரும்: இது வேறு பதிப்பில் செய்தது, முடிவுகள் தப்பாக வரலாம் என்று. தந்திருக்கிறது. தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் தந்திருக்கிறது. அது நேராகப் பாழுங்கிணற்றுக்குப் போயிருக்கிறது. திரையில் பச்சைப் பொட்டு. எண்ணெய்க் கறையோடு போன துணிக்கும் பச்சை.

வாங்கினவர்கள் லோடை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

நானும் அவரும் ஓடினோம். அவர் கணினி முன்னால் உட்கார்ந்து, தான் போட்ட அடைப்புகளைத் தானே ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசி அடைப்பை எடுத்ததும் அந்தச் சிவப்பு வரி வந்து நின்றது. அவர் அதை வாய்க்குள்ளேயே படித்தார்.

“சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்குதுங்க தம்பி,” என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அண்ணா எழுந்திருங்க, டீ குடிக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே எம்.டி.யும் வந்து சேர்ந்தார். மில் ஆபீஸ் அறையில் எல்லாரும் உட்கார்ந்தோம். மோர் கொடுத்தார்கள். பெரியவர் கோபப்படவில்லை. “அன்னைக்கே நான் கேட்டேனுங்களே, அது என்னமோ சொல்லுது, என்னன்னு கேளுங்கன்னு,” என்றார், அவ்வளவுதான். எம்.டி. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார். “எல்லாத்தையும் அடைக்கச் சொல்லி ஆருங்க சொன்னது?”

எனக்குச் சுருக்கென்றது. “சார், நீங்கதானே கார்ல வரும்போது…” என்று ஆரம்பித்தேன்.

“இல்லீங்க,” என்றார் இவர். அறை முழுக்கக் கேட்டது. அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். “தம்பி ஏதோ மாத்திச் சொல்றாருங்க. சார் அப்படிச் சொல்லலை. நானாப் பண்ணினதுங்க. நாந்தான் பாத்திருக்கோணும்.”

நான் விடவில்லை. நான் பக்கத்திலதான் இருந்தேன் சார், பைல்ல எழுதலாமான்னு அண்ணன் கேட்டாரே சார் என்றேன். எம்.டி. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இவர் மறுபடியும் இல்லீங்க என்றார், இந்த முறை மெதுவாக, என்னைக் கெஞ்சுகிற மாதிரி. அடிபட்டவனே அடியில்லை என்று சொல்லும்போது சாட்சிக்காரன் என்ன செய்ய முடியும்?

“செரி உடுங்க,” என்றார் பெரியவர். “நல்ல மனுசரு, தெரியுது. ஆனா இனி நம்ம மில்லுக்கு இவரு வேண்டாங்க.”

அடுத்த வாரம் எம்.டி. அவரைக் கூப்பிட்டு, நெம்ப நாளா ஓய்வில்லாம இருக்கறீங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன் என்றார். இவர் சரிங் சார் என்றார். போங்க என்று அவர் சொல்லவும் இல்லை, ஏனுங்க என்று இவர் கேட்கவும் இல்லை. யாரும் யார் மனதையும் புண்படுத்தாமல், மோரும் டீயும் குடித்தபடியே, ஒரு மனிதனின் வேலை போய்விட்டது. கொஞ்சம் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

கீழே பேக்கரியில் வைத்து அவரைப் பிடிபிடி என்று பிடித்தேன். உங்களுக்குச் சூடு சொரணை இல்லீங்களா என்றே கேட்டுவிட்டேன். அவர் முறுக்கு ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார் பாவமுங்க தம்பி. அவரு சொன்னதுதான்னு ஆகியிருந்தா அந்த மில்லுல அவரு எப்படி முழிப்பாரு? மில்லு போனா கம்பெனியே போயிரும். நீங்கெல்லாம் இருக்கறீங்க. நான்னா ஒருத்தன்.”

“ஒருத்தனா? ஊட்ல என்னங்ணா சொல்லுவீங்க? பாப்பா ப்ளஸ் டூ படிக்குதுல்ல?”

“அதைப் பாத்துக்கலாமுங்க,” என்றார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது ஐப்பசியில்தான் எனக்குத் தெரிந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டிக்காரர், பாக்கைத் தரம் பிரிக்கக் கேமரா வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். காலை ரயிலில் போனேன். வண்டி கடைசி ஸ்டேஷனில் நின்று, கூட்டம் எல்லாம் பஸ் பிடிக்க ஓடியபிறகு பார்த்தால், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் இவர். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் லேப்டாப் பை, பக்கத்தில் சாப்பாட்டுப் பை.

“வாங் தம்பி, காப்பி குடிக்கறீங்களா?” என்றார், வீட்டுக்கு வந்தவனைக் கேட்கிற மாதிரி.

தினமும் காலை வண்டியில் வருகிறாராம். இங்கே உட்கார்ந்து போனில் வேலைக்கு எழுதிப்போடுவார். சாப்பிடுவார். சாயங்கால வண்டியில் வீட்டுக்குப் போவார். கோவையில் எங்கே உட்கார்ந்தாலும் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

“இங்க நெம்ப அமைதிங்க. வண்டி வந்து போயிருச்சுன்னா அப்பறம் ஒரு சத்தம் இருக்காது.”

“அண்ணிகிட்டச் சொல்லவே இல்லீங்களா?”

“அவங்களுக்கு பிரஷர் இருக்குதுங்க. பாப்பாவுக்கும் பரீட்சை வருது. ஒரு வேலை கெடச்சப்பறம் மாறிக்கிட்டேன்னு சொல்லிப்போட்டா முடிஞ்சுது. இடையில எதுக்குங்க அவங்களைக் கலங்கடிக்கறது?” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எங்கயும் சொல்லிப்போடாதீங்க தம்பி.”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கத்தியும் பார்த்தேன், கோபிக்கிற மாதிரி எழுந்தும் போனேன். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்துவிட்டது. திரும்பி வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சுவர்போல இருந்தால்கூட முட்டிப் பார்க்கலாம். இவர் பஞ்சு மூட்டை, எத்தனை குத்தினாலும் உள்ளே போய்விடுகிறது. கடைசியில் சொல்லமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். பாக்கு மண்டிக்குப் போகவே இல்லை.

தை பிறந்தபிறகு பெருந்துறையில், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. எனக்குத்தான் முதலில் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தெம்பு.

“நல்லவேளைங்க தம்பி. கடைசி வரைக்கும் ஊட்டுக்குத் தெரியாமயே பாத்துக்கிட்டேன்.”

“ஆமாங்ணா,” என்றேன்.

வாயடங்காத நான் ஆமாங்ணா என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவரை மேட்டுப்பாளையத்தில் பார்த்து ஒரு வாரம் இருக்கும், ஒரு மத்தியானம் அவர் மனைவி எனக்குப் போன் செய்திருந்தார். கோவையிலும் அன்றைக்கு நல்ல மழை. நம்பரைப் பார்த்ததுமே எனக்குப் பகீர் என்றது. அவர் கேட்டால் என்ன பொய் சொல்வது என்று அவசர அவசரமாக யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

“தம்பி, வேலையா இருக்கறீங்களா? தொந்தரவு பண்றனுங்களா?”

“இல்லீங்க்கா, சொல்லுங்க. அண்ணன் மீட்டிங்ல…”

“பொய் சொல்ல வேண்டாங்க தம்பி. உங்களுக்குச் சிரமம். எனக்குத் தெரியுமுங்க.”

நான் வெளியே படிக்கட்டுக்கு வந்துவிட்டேன்.

வேலை போன அந்த வாரமே தெரியுமாம். இவர் போன் எடுக்கவில்லை என்று ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். போனை எடுத்த பெண், அவரு நின்னுட்டாருங்களே அக்கா என்றிருக்கிறாள். அந்தப் பெண் சங்கடப்படக்கூடாது என்று, ஆமாங் கண்ணு, மறந்துபோயி கூப்பிட்டுட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

“ஏங்க்கா அண்ணன்கிட்டக் கேக்கலை?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அவரே சொல்லுவாருன்னு இருந்தனுங்க. சொல்லலை. எனக்குத் தெரியலைங்கற ஒரு தெம்புலதான் காத்தால எந்திரிச்சுக் குளிச்சுக் கெளம்பறாரு. நான் கேட்டா அதுவும் போயிருமுங்க. சாயங்காலம் வந்தா ஆபீஸ்ல வேலை ஜாஸ்திங்களான்னு கேப்பேன். ஆமாங்கன்னுவாரு. சித்த படுங்கன்னு சொல்லிப்போடுவேன்.”

இந்தப் பக்கம் அவருக்குக் கையடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் இந்த அம்மா. இரண்டு பேரையும் ஒரு அறையில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டிவிடலாமா என்று வந்தது. பூட்டினாலும் பேசமாட்டார்கள்.

“நான் கூப்பிட்டேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கத்தானுங்க கூப்பிட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கறேன்,” என்றார். போனில் மழைச் சத்தம், அவர் பக்கமும் என் பக்கமும். “அவரு போயி உக்கார்ற எடத்துல மேல கூரை இருக்குதுங்களா தம்பி? நனையாம இருப்பாருங்களா?”

“இருக்குதுங்க்கா,” என்றேன். “நல்ல கூரைங்க.”

“அப்பச் சரிங்க,” என்று வைத்துவிட்டார். அது எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை.